நீலக் கோட்டும் அமைதிக் கூட்டமும்

எங்கள் கிராமத்தில் சண்டை போடுவது ஆண்கள். பிறகு உட்கார்ந்து சமாதானம் பேசுவதும் அவர்கள்தான். இரண்டு வேலையையும் அவர்களே பார்த்துக்கொள்வதால் இதில் யாரும் குறை சொன்னதில்லை. ஒரே ஒரு நாள் காலையில் மட்டும் நாங்கள் பெண்கள் அதில் மூக்கை நுழைத்தோம். அதற்குப் பிறகு என்ன ஆயிற்று என்பதைத்தான் எழுதுகிறேன். படித்துவிட்டு யாராவது "அய்யோ பாவம்" என்றால் எனக்குக் கோபம் வரும். முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

ஒரகடத்திலிருந்து வாலாஜாபாத் போகிற சாலையில் ஒரு கிளை பிரிந்து உள்ளே போகும். அதில் போனால் எங்கள் கிராமம். ஊர் ஒரு பக்கம், காலனி ஒரு பக்கம், நடுவில் ரேஷன் கடை. நான் காலனி, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிற குடும்பம். என் சிநேகிதி ஊர்ப் பக்கம். அவர்களுக்கு நிலம் இருந்தது. அது இப்போது ஏதோ ஒரு கம்பெனியின் சுற்றுச்சுவருக்குள் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் ஒரே வகுப்பில் படித்தும் நாங்கள் பேசிக்கொண்டதில்லை. செல்போன் பாகங்கள் செய்கிற கம்பெனி ஒன்றில் இருவரும் வேலைக்குச் சேர்ந்து, ஒரே லைனில் எதிரெதிரே நிற்க வைக்கப்பட்ட பிறகுதான் சிநேகிதிகள் ஆனோம். அவள் பாகத்தைப் பொருத்தி என் பக்கம் தள்ளுவாள், நான் அதன்மேல் டேப் ஒட்டி அடுத்தவளுக்குத் தள்ளுவேன். அவளுக்குக் கை வேகம். எனக்கு வாய் வேகம்.

கம்பெனி பஸ் முதலில் காலனிக்கு வரும், பிறகு ஊருக்குள் போய்த் திரும்பும். அதனால் சீட் முதலில் எங்களுக்குத்தான் கிடைக்கும். ஆரம்பத்தில் ஊர்ப் பெண்கள் எங்கள் பக்கத்தில் இடம் காலியாக இருந்தும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே வந்தார்கள். வீட்டில் அப்படிச் சொல்லி அனுப்பியிருப்பார்கள். நாள் முழுக்க லைனில் நின்றுவிட்டுத் திரும்பும்போது எத்தனை நாளைக்குத்தான் இன்னும் நிற்பது? ஒருத்தி உட்கார்ந்தாள், பிறகு இன்னொருத்தி. ஒரு மழைக்காலம் முடிவதற்குள் எல்லோரும் கலந்துதான் உட்கார்ந்தோம். என் சிநேகிதிக்காக நான் துப்பட்டாவைப் போட்டு ஜன்னல் சீட் பிடித்து வைப்பேன். டிபன் மாறும், ஹேர்பின் மாறும், யாருக்கு யார் மேல் கண் என்ற செய்தி மாறும். இதை யாரும் புரட்சி என்று நினைக்கவில்லை. அது பஸ், அவ்வளவுதான்.

அந்தப் பஸ்தான் எங்களுக்கு எல்லாமே. பஸ் வாசலுக்கு வருகிறது என்பதால்தான் வீட்டில் வேலைக்கு அனுப்பினார்கள். பஸ் மெயின் ரோட்டிலேயே நின்றுவிடும் என்றால், எங்கள் இரண்டு பக்கத்து அப்பன்மார்களும் அண்ணன்மார்களும் ஒரே குரலில் "பொண்ணு வேலைக்குப் போய்க் கிழிச்சது போதும்" என்று சொல்லியிருப்பார்கள். அடுத்த மாதமே ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு யாராவது வந்திருப்பார்கள். காலனியில் ஜாதகம் இல்லை, ஃபாதர் இருந்தார். வித்தியாசம் அவ்வளவுதான்.

சண்டை ஒரு பேனரால் வந்தது. ஊர்த் திருவிழாவுக்கு வைத்த பேனர், காலனிக்குத் திரும்புகிற வழியை மறித்துக்கொண்டு நின்றது. அது கிழிந்தது. காற்றில் கிழிந்ததா, கையால் கிழித்தார்களா என்று இன்றுவரைக்கும் எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள ஆசையும் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ரேஷன் கடை முன்னால் வாய்ச்சண்டை வந்து, கைகலப்பு ஆகி, கல்வீச்சில் முடிந்தது. ஊர்ப் பக்கம் ஒருவனுக்கு மண்டை உடைந்தது, எங்கள் பக்கம் ஒருவனுக்குக் கை. நாளைக் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இரண்டு பக்கமும் சொல்லிவிட்டுப் போனார்கள். சண்டையை ஒத்திவைத்துவிட்டு எல்லோரும் சாப்பிடப் போய்விட்டார்கள்.

அன்று எங்கள் 'பஸ் குரூப்'பில் டிரைவர் ஒரு குரல் செய்தி போட்டார். பஸ் எங்கே வந்துகொண்டிருக்கிறது என்று தெரிந்துகொள்வதற்காக நாங்கள் வைத்திருந்த வாட்ஸ்அப் குரூப் அது. "அம்மா, அங்க கலாட்டான்னு சொல்றாங்க. நாளைக்கி வந்து பாக்குறேன். ரோட்ல ஆம்பளைங்க நின்னுகினு இருந்தாங்கன்னா அப்டியே ரிவர்ஸ் எடுத்துடுவேன். அப்பறம் கம்பெனில சொல்லி ரூட்டையே கேன்சல் பண்ணிடுவாங்க. என்னைத் திட்டாதீங்க."

அதற்குக் கீழேயே என் சிநேகிதி எழுதினாள்: ஆண்கள் ரோட்டுக்கு வருவதற்கு முன்னால் நாம் போய் உட்கார்ந்துவிடலாம். இரண்டு பக்கத்துப் பெண்களும் கலந்து உட்காரலாம். எல்லோரும் கம்பெனிக் கோட்டு, தொப்பி, மாஸ்க் போட்டுக்கொண்டு வாருங்கள்.

கோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். லைனில் நிற்கும்போது தூசு படாமல் இருக்க, உடுப்பின்மேல் நீலக் கோட்டு ஒன்று மாட்டிக்கொள்வோம். முடி முழுவதும் தொப்பிக்குள் போய்விடும், முகம் மாஸ்க்குக்குள். கண் மட்டும்தான் தெரியும். வார லீவில் வீட்டுக்கு எடுத்துவந்து துவைத்து, திங்கட்கிழமை திரும்பக் கொண்டுபோக வேண்டும். அதனால் அன்று எல்லோர் வீட்டுக் கொடியிலும் நீலக் கோட்டு காய்ந்துகொண்டிருந்தது. அதைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் யார் ஊர், யார் காலனி என்று ஒருவனுக்கும் தெரியாது. தெரியாவிட்டால் கல் எறிய மாட்டான், ஏனென்றால் அது அவன் தங்கைமேலேயே விழலாம். இதுதான் அவள் கணக்கு. அன்றைக்கு எனக்கு அது பெரிய புத்திசாலித்தனமாகத் தெரிந்தது. "சூப்பர்டீ" என்று நான்தான் முதலில் பதில் போட்டேன்.

விடிந்ததும் போய் உட்கார்ந்தோம். ரேஷன் கடைக்கு முன்னால், தார் ரோட்டில், முந்தின நாள் எறிந்த கற்கள் கிடந்த இடத்திலேயே. கற்களை ஓரமாகத் தள்ளிவிட்டுத்தான் உட்கார்ந்தோம். கோஷம் இல்லை, கொடி இல்லை. என்ன கோஷம் போடுவதென்றும் எங்களுக்குத் தெரியாது. பயத்தோடு எனக்கு ஒரு சந்தோஷமும் இருந்ததை மறைக்க விரும்பவில்லை. இப்போது நினைத்தால் அந்தச் சந்தோஷத்தின்மேல்தான் எனக்கு அதிக எரிச்சல் வருகிறது.

ஆண்கள் வந்தார்கள். ஊர்ப் பக்கமிருந்து ஒரு கும்பல், காலனிப் பக்கமிருந்து ஒரு கும்பல். எங்களைப் பார்த்ததும் இரண்டு கும்பலும் நின்றன.

"இன்னா இது? யாருடி நீங்கள்லாம்?"

நாங்கள் பேசவில்லை. பேசினால் குரல் தெரிந்துவிடும்.

ஊர்ப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் கையில் தடியோடு எங்களைச் சுற்றி வந்தார். ஒவ்வொருத்தியின் கண்ணையும் குனிந்து பார்த்தார். என்னிடம் வந்து, "நம்ப பொண்ணுதானே நீ? எழுந்து வூட்டுக்குப் போ கண்ணு, கால்ல கல்லு குத்தும்," என்றார். என் வாழ்நாளில் ஊர்ப் பக்கத்து ஆண் ஒருவன் என்னைக் 'கண்ணு' என்று கூப்பிட்டது அந்த ஒரு தடவைதான். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. மாஸ்க் போட்டிருந்ததால் இரண்டும் அவருக்குத் தெரியவில்லை.

எங்கள் பக்கத்துப் பையன்களும் அதே பாடுதான் பட்டார்கள். என் சித்தப்பா மகன் கையில் கல்லை வைத்துக்கொண்டு, "அக்கா, நீ எங்க கீற? கைய தூக்குக்கா, நான் ஒண்ணும் பண்ண மாட்டேன்," என்று கெஞ்சினான். யாரும் கையைத் தூக்கவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கல்லைக் கீழே போட்டான். எதிர்ப்பக்கமும் தடிகள் தாழ்ந்தன. சிலர் பீடி பற்ற வைத்தார்கள். சண்டை அதன்பாட்டில் வடிந்துவிட்டது.

பஸ் வரவில்லை. அதற்குப் பதில் போலீஸ் ஜீப் வந்தது, தாசில்தார் வந்தார், பின்னாலேயே செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிறையப் பேர் வந்தார்கள். எங்களை முன்னாலிருந்தும் எடுத்தார்கள், பின்னாலிருந்தும் எடுத்தார்கள். கோட்டின் முதுகில் கம்பெனி பெயர் பெரிய எழுத்தில் இருந்தது. அது எங்கள் முதுகில் இருந்ததால் எங்கள் நினைவுக்கே வரவில்லை. இதைச் சொன்னால் இப்போதுகூட ஆட்கள் சிரிக்கிறார்கள்.

தாசில்தார் நல்ல மாதிரியாகத்தான் பேசினார். "ரொம்ப நல்ல காரியம் பண்ணீங்கம்மா. இனிமே நாங்க பார்த்துக்கிறோம்," என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று மறுநாள் புரிந்தது. தாலுகா ஆபீசில் அமைதிக் கூட்டம் வைத்தார்கள். இரண்டு பக்கத்து முக்கியஸ்தர்களையும் கூப்பிட்டார்கள். எங்களைக் கூப்பிடவில்லை. கூப்பிடாவிட்டால் என்ன, போய்ப் பார்ப்போம் என்று நானும் அவளும் இன்னும் சிலரும் போனோம். வெளியில் வேப்பமரத்தடியில் நிற்கச் சொன்னார்கள். உள்ளே டீயும் பிஸ்கட்டும் போயின. முந்தின நாள் கையில் தடியோடு வந்தவர் உள்ளே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தடிக்குக் குறுக்கே உட்கார்ந்தவர்கள் வெளியே நின்றோம்.

கூட்டம் முடிந்து வந்த என் சித்தப்பாவிடம் என்ன பேசினார்கள் என்று கேட்டேன்.

"எல்லாம் நல்லபடியா முடிஞ்சிச்சி. இனிமே ரெண்டு பக்கமும் பேனர் வெக்கக் கூடாது. கேஸு வாபஸ்."

"பஸ்ஸு?"

"அத யாரும் பேசல."

"வேற இன்னா பேசினீங்க, இவ்ளோ நேரமா?"

கொஞ்சம் தயங்கினார். "பொம்பளைங்கள இந்த மாதிரி விசயத்துல முன்னால வுடக் கூடாதுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டோம். அத மொதல்ல சொன்னது அவங்க. நாங்களும் சரின்னுட்டோம். அதுல ஒண்ணும் பிரச்சன இல்ல."

பேனருக்கு ஒரு மணி நேரம் வாதாடியவர்கள், வழிக்கு வாதாடியவர்கள், எங்கள் விஷயத்தில் மட்டும் ஒரே நிமிடத்தில் ஒத்துப்போயிருக்கிறார்கள். சித்தப்பா கெட்டவர் இல்லை. என்னைத் தோளில் தூக்கி வளர்த்தவர். அதனாலேயே அன்று அவரைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை.

புதன்கிழமை நாங்களாகவே மெயின் ரோடு வரைக்கும் நடந்து, ஷேர் ஆட்டோ பிடித்துக் கம்பெனிக்குப் போனோம். எங்கள் கார்டு கேட்டில் வேலை செய்யவில்லை. எங்கள் கிராமத்துப் பெண்களில் ஒருத்தியுடையதும் வேலை செய்யவில்லை. செக்யூரிட்டி ஓரமாக நிற்கச் சொன்னார். ஹெச்.ஆரிலிருந்து ஒரு பெண் வந்தாள். எங்களைவிடச் சின்னவள், தஞ்சாவூர்ப் பக்கத்துப் பேச்சு. கையில் செல்போனில் எங்கள் படம் இருந்தது. 'பெண் தொழிலாளர்கள் சாலை மறியல்' என்று கொட்டை எழுத்து, கீழே எங்கள் முதுகுகள்.

"நீங்க செஞ்சது தப்புன்னு நான் சொல்லலக்கா. யூனிஃபார்ம்ல ஏன் செஞ்சீங்க? கம்பெனில ஸ்ட்ரைக்குன்னு வெளிநாட்டுலேர்ந்து போன் பண்ணிக் கேக்குறாங்க."

"மேடம், அது ஸ்ட்ரைக்கு இல்ல. ஊர்ல சண்ட. சண்டைய நிறுத்தத்தான் உக்காந்தோம். பஸ்ஸு வரணும், நாங்க வேலைக்கு வரணும்னுதான் உக்காந்தோம்," என்றாள் என் சிநேகிதி.

"புரியுதுக்கா. ஆனா போட்டோல அது தெரியல இல்ல?"

நாங்கள் எல்லாம் கான்ட்ராக்ட் ஆட்கள் என்பதால் கான்ட்ராக்டரிடம் பேசிக்கொள்ளும்படி சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள். கான்ட்ராக்டர் போனை எடுத்து, "கம்பெனி வேணாங்குது, நான் இன்னாம்மா பண்றது?" என்றான். கோட்டுகளைத் திருப்பிக் கொடுத்தால்தான் பாக்கிச் சம்பளம் என்றும் சொன்னான். மறுநாள் எல்லாவற்றையும் துவைத்து, மடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தோம். துவைக்காமல் கொடுத்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

பஸ் ரூட்டை எடுத்துவிட்டார்கள். எதற்காக ரோட்டில் உட்கார்ந்தோமோ அது போயிற்று. ஊர்ப் பக்கம் "காலனிக்காரிங்க பேச்சக் கேட்டு எங்க பொண்ணுங்க கெட்டுதுங்க" என்றார்கள். காலனியில் "ஊர்க்காரி குடுத்த ஐடியாவுல எங்க பொண்ணுங்க வேலை போச்சி" என்றார்கள். ஆண்களோ சமாதானமாகிவிட்டார்கள். தடி வைத்திருந்தவரின் மகனும் கல் வைத்திருந்த என் சித்தப்பா மகனும் அடுத்த வருடமே சேர்ந்து ஒரு கம்பெனியில் ஸ்கிராப் எடுக்கிற வேலை பிடித்தார்கள். ஒரே வண்டியில் போய் வருகிறார்கள். நல்லது, நன்றாக இருக்கட்டும். எங்களை ஒருத்தரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அதற்குப் பிறகு நான் எங்கே வேலை கேட்டுப் போனாலும் கிராமத்தின் பெயரைச் சொன்னதும் முகம் மாறும். "அந்த மறியல் ஊரா? வேணாம்மா," என்பார்கள். என் சிநேகிதியை வாலாஜாபாத்தில் மாமா வீட்டுக்கு அனுப்பி, அங்கேயே கல்யாணமும் பண்ணிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். என்னைக் கூப்பிடவில்லை. அவள் பழைய நம்பர் வேலை செய்யவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் தனியாக ரேஷன் கடைப் பக்கம் நின்று, அவள் வீட்டு வாசலைப் பார்த்துவிட்டு வந்தேன். இவ்வளவுக்கும் என் வீட்டிலிருந்து அவள் வீட்டுக்குக் கூப்பிடு தூரம்தான்.

நான் குன்றத்தூரில் ஒரு ரூம் எடுத்தேன். ஆதார் விலாசத்தை அந்த ரூமுக்கு மாற்றினேன். குன்றத்தூர்க்காரி என்று சொல்லி, சுங்குவார்சத்திரம் பக்கம் வேறொரு கம்பெனியில் சேர்ந்தேன். முதல் வாரமே கேன்டீன் வரிசையில் என் சிநேகிதியைப் பார்த்தேன். மாஸ்க்குக்கு மேல் கண்ணைப் பார்த்தால் எனக்குத் தெரியாதா? நான் வாயைத் திறப்பதற்குள் அவள் தலையை மெல்ல ஆட்டினாள், வேண்டாம் என்று. பிறகு ஒரு நாள் பாத்ரூமில் கை கழுவும்போது, என்னைப் பார்க்காமல் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"வாலாஜாபாத்ன்னு சொல்லித்தான் சேந்து கீறேன். என் வூட்டுக்காரருக்கும் அந்த ரோடு விசயம் தெரியாது. என்னைத் தெரியும்னு காட்டிக்காத. ஒருத்தி மாட்டினா ரெண்டு பேருக்கும் போயிடும்."

அவள் சொன்னது சரிதான். லைனில் யார் யாரோடு பேசுகிறாள், எந்த ஊர், யாருக்கு யார் சொந்தம் என்று சூப்பர்வைசர்கள் கவனித்துக்கொண்டே இருப்பார்கள். போனைக் கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். அவள் பஸ் வேறு, என் பஸ் வேறு. அப்படியே ஒரு வருடம் போயிற்று. ஒரே கேன்டீனில், அடுத்தடுத்த மேஜையில், முன்பின் தெரியாதவர்களாகச் சாப்பிட்டோம். அவள் கர்ப்பமானதை எல்லோரையும்போலத் தூரத்திலிருந்துதான் பார்த்தேன். அது தங்கவில்லை என்பதையும் யாரோ பேசிக்கொண்டதிலிருந்துதான் தெரிந்துகொண்டேன்.

போன மகளிர் தினத்துக்குக் கம்பெனியில் விழா வைத்தார்கள். ஆளுக்கு ஒரு ரோஜாப்பூ. சென்னையிலிருந்து ஒரு அம்மா பேச வந்திருந்தார். பெண்களும் அமைதியும் என்று தலைப்பு. திரையில் படம் போட்டுக் காட்டினார். எந்தெந்த நாட்டிலோ போர் வேண்டாம் என்று கறுப்பு உடை போட்டு மௌனமாக நின்ற பெண்கள், ராணுவ முகாமின் வேலியோரம் கூடாரம் போட்டுத் தங்கிய பெண்கள், இரண்டு படைகளுக்கு நடுவில் போய் உட்கார்ந்துகொண்ட பெண்கள். நன்றாகத்தான் பேசினார். எனக்கு உடம்பு சிலிர்த்தது. அதில் ஒரு படத்தில் பெண்கள் வேலைக்குப் போகிற உடுப்போடு ரோட்டில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு மறுநாள் வேலை இருந்ததா என்று அந்த அம்மா சொல்லவில்லை. கேட்க வேண்டும் என்று எனக்கு நாக்கு துடித்தது.

"உங்கள்ல யாராவது ஒரு சண்டைய நிறுத்தியிருக்கீங்களா? வீட்டுல, தெருவுல, எதுவானாலும் சொல்லலாம்," என்று மைக்கில் கேட்டார். ஒருத்தி எழுந்து மாமியாரையும் நாத்தனாரையும் சமாதானம் செய்த கதையைச் சொன்னாள். கைதட்டினார்கள். நான் மடியில் கிடந்த ரோஜாப்பூவின் காம்பைக் கிள்ளிக்கொண்டிருந்தேன். என் சிநேகிதி இருந்த பக்கம் திரும்பவே இல்லை.

கடைசியாக அந்த அம்மா ஒரு விளையாட்டு வைத்தார். "எல்லாரும் எழுந்திருங்க. இதுவரைக்கும் நீங்க பேசாத ஒருத்தர்கிட்ட போங்க. கையைப் பிடிச்சு உங்க பேரையும் ஊரையும் சொல்லி, 'உங்களைச் சந்திச்சதுல சந்தோஷம்'னு சொல்லுங்க. அமைதி இப்படித்தான் ஆரம்பிக்குது."

ஹாலில் ஒரே சிரிப்பு, தள்ளுமுள்ளு. நான் நின்ற இடத்திலேயே நின்றேன். அவள்தான் வந்தாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராக என்னிடம் வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். எல்லோருக்கும் கேட்கும்படித் தன் பெயரைச் சொன்னாள்.

"வாலாஜாபாத்," என்றாள்.

நானும் என் பெயரைச் சொன்னேன். "குன்றத்தூர்," என்றேன்.

அவள் கையை விடவில்லை. உதடு அசையாமல், எனக்கு மட்டும் கேட்கும்படி, "எப்டிடி கீற?" என்றாள். அவள் கண் நிரம்பிவிட்டது. போட்டோ எடுக்கிறவனும் அவன் பின்னால் ஹெச்.ஆர். ஆளும் எங்கள் பக்கம் வந்துகொண்டிருந்தார்கள்.

"உங்களைச் சந்திச்சதுல சந்தோஷம்," என்று சத்தமாகச் சொல்லிவிட்டு, என் கையை அவள் கையிலிருந்து இழுத்துக்கொண்டேன்.